38 வருடத்துப் படுக்கை



ஓர் எளிய கேள்வியுடன் ஆரம்பிக்கிறேன். உங்கள் வாழ்க்கை இன்றிருக்கும் நிலைக்கு யார் காரணம் என்று எவராவது கேட்டால், உங்கள் நாவில் முதலாவது வரும் பெயர் யாருடையது? பாகப்பிரிவினையில் ஏமாற்றிய அண்ணனுடையதா? பதவி உயர்வைத் தடுத்த மேலாளருடையதா? மாமியாருடையதா? கடன் வாங்கிக் கைவிட்ட நண்பனுடையதா? அந்தப் பெயரைச் சொல்லாமல் உங்கள் சாட்சியைச் சொல்லி முடிக்க உங்களால் முடிகிறதா?

மும்பைப் புறநகர்ச் சபை ஒன்றில் நான் அறிந்த ஒரு சகோதரர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபது வயதில் இரயில் ஏறி வந்தவர். லேத் பட்டறையில் வேலை. தகப்பனார் மரித்தபின், ஊரிலிருந்த வீட்டையும் நிலத்தையும் மூத்தவர் தம் பெயருக்கே எழுதிக்கொண்டார். அது அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன்பின் 22 ஆண்டுகள், சாட்சி நேரத்திலும், வீட்டு ஜெபக்கூட்டத்திலும், பிள்ளைகளோடு சாப்பிட உட்காரும்போதும் இவர் அந்தக் கதையையே சொல்லி வந்தார். வாடகை வீட்டிலேயே இருப்பதற்கும் அண்ணன் காரணம்; இரத்த அழுத்தத்திற்கும் அண்ணன் காரணம்.

ஒரு வருடம் அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் தோல்வியடைந்தான். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பன் காரணம் கேட்டார். "பெரியப்பா நம்மை ஏமாற்றாமல் இருந்திருந்தால் நல்ல டியூஷனில் சேர்ந்திருப்பேன். என் மேல் என்ன தப்பு?" என்றான் மகன். மாதக்கணக்காக அவன் கணிதப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும். அன்றிரவு அந்தச் சகோதரர் பாஸ்டர் வீட்டிற்குச் சென்று, "ஐயா, அண்ணன் என் நிலத்தை மட்டுந்தான் எடுத்தார். என் பிள்ளைக்கு இந்தப் பேச்சைக் கொடுத்தது நான்தான்" என்று சொல்லி அழுதார்.

அன்பானவர்களே, நம்முடைய காயத்தை நாம் பேணிக் காத்தால், அதுவே நம் பிள்ளைகளுக்கு ஆஸ்தியாகப் போய்ச் சேருகிறது. ஆகையால் இந்தக் காரியத்தைக் குறித்து நாம் வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டும்.

குளத்தருகே ஒரு மனுஷன்

யோவான் சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். எருசலேமில் ஆட்டுவாசலருகே, பெதஸ்தா என்னும் குளம். அதற்கு ஐந்து மண்டபங்கள். இன்றும் எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தின் அருகே அந்தக் குளத்தின் எச்சங்களைக் காணலாம். அங்கே 38 வருடம் வியாதியாயிருந்த ஒரு மனுஷனிடம், சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்கிறார்.

அவனுடைய பதிலைக் கவனியுங்கள். "ஆம்" என்றும் அவன் சொல்லவில்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்கிறான். தனக்கு முன்னே வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்கிறான். உதவாதவர்களும் முந்திக்கொண்டவர்களும் அந்தப் பதிலை நிரப்பிவிட்டார்கள். அவனுடைய சொந்த விருப்பத்திற்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

அவன் சொன்னது பொய்யல்ல. உண்மையாகவே அவனுக்கு ஆளில்லை. ஆனால் உண்மையான ஒரு குறையே ஒரு மனுஷனுடைய முழு விலாசமாகிவிடலாம். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. அவனுக்காக ஆள் தேடவுமில்லை. எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். வல்லமை ஆண்டவருடையது. எழுந்து நிற்க வேண்டிய கால்களோ அவனுடையவை.

மனம் கட்டப்படும் விதம்

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். என்ன செய்தும் மின்அதிர்ச்சியிலிருந்து தப்ப முடியாமலிருந்த நாய்களைப் பிறகு, ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடக்கூடிய கூண்டில் விட்டார்கள். அவற்றில் பல தாண்ட முயலாமல் படுத்தே கிடந்தன. பின்பு கழுத்துக் கயிற்றைப் பிடித்து அவற்றைத் தடுப்புக்கு அப்பால் பலமுறை இழுத்துச் சென்றபோது, தாமாகவே தாண்டக் கற்றுக்கொண்டன. 2016-ஆம் ஆண்டு அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் அடங்கிக் கிடப்பது உயிர்களின் இயல்பான எதிர்வினை. "என்னால் ஒன்றைச் செய்ய முடியும்" என்பதே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்றார்கள்.

ஆகவே பல வருடம் அடிபட்ட ஒருவரைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் போதாது" என்று எளிதாகச் சொல்லிவிடாதேயுங்கள். அவர் கயிற்றைப் பிடித்து முதல் சில அடிகள் உடன் நடப்பதும் சபையின் ஊழியமே. தூக்கமும் பசியும் அற்று, வாழவே விருப்பமின்றி ஒருவர் சோர்ந்து கிடந்தால், ஜெபத்தோடுகூட மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

காயம் வேறு, கட்டு வேறு

அநியாயத்தை அநியாயம் என்று சொல்லுவது பாவமல்ல. பெங்களூரில் 1991-ஆம் ஆண்டு காவிரிக் கலவரத்தில் வீடும் கடையும் இழந்த தமிழர்கள் உண்டு. அவர்கள் பட்ட பாடு மனப்பிரமை அல்ல. அப்போஸ்தலனாகிய பவுல், விசாரணையின்றி அடிக்கப்பட்டபோது பிலிப்பியின் அதிகாரிகளே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துவிட வேண்டும் என்று கேட்டார் (அப்போஸ்தலர் 16). இராயனுக்கு அபயமிடவும் அவர் தயங்கவில்லை (அப்போஸ்தலர் 25).

எனவே, கணவன் கையால் அடிபடும் சகோதரியே, "பொறுப்பேற்றுக்கொள்" என்பதை "பொறுத்துக்கொள்" என்று தவறாக எண்ணிவிடாதேயுங்கள். உங்களைப் பாதுகாக்க 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்னும் பெண்கள் உதவி எண் இருக்கிறது. அடித்தவனுடைய பாவத்திற்கு நீங்கள் பொறுப்பல்ல. உங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ள நீங்கள் எடுத்துவைக்கும் அடியே உங்கள் பொறுப்பு.

யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் விற்கப்பட்டான். பார்வோனுக்கு முன் நின்றபோது அவனுக்கு வயது 30. இடையில் 13 ஆண்டுகள். சிறைச்சாலையில், தான் களவாகக் கொண்டுவரப்பட்டவன், குற்றமற்றவன் என்று அவன் மறைக்காமல் சொன்னான். ஆனால் அதைச் சொல்லுமுன் அவன் செய்தது என்ன? பானபாத்திரக்காரன், சுயம்பாகி ஆகிய இருவரின் முகமும் வாடியிருப்பதைக் கண்டு, ஏன் என்று விசாரித்தான் (ஆதியாகமம் 40). தன் காயத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குப் பிறர் முகம் தெரிவதில்லை. இன்று உங்கள் வீட்டில் யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

இரயில் கடந்துபோகும் ஓர் ஊர்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில், புனேயைத் தாண்டித் தவுண்டு சேருமுன் கேட்காவ் என்னும் சிறிய நிலையத்தைக் கடக்கிறது. நம்மில் பலர் தூக்கத்திலேயே கடந்துபோகும் ஊர் அது. பண்டித ரமாபாய் தமது முக்தி மிஷனை நிறுவிய இடம்.

1858-இல் பிறந்தவர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததால் எதிர்ப்பைச் சந்தித்த தகப்பனோடு, ஊர் ஊராக யாத்திரை சென்று வளர்ந்தவர். 1870-களின் பஞ்சத்தில் தகப்பன், தாய், தமக்கை ஆகியோரை இழந்தார். சகோதரனுடன் நாடெங்கும் கால்நடையாய் அலைந்தார். 1880-இல் அந்தச் சகோதரனும் மரித்தார். 1882-இல் கணவர் காலரா நோயில் மரித்தபோது, கையில் ஒரு பெண் குழந்தை. இவருக்கு வயது 23. அக்காலத்தில் விதவையின் நிலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒருவருமில்லை" என்று சொல்ல இவரைவிட உரிமை யாருக்கு உண்டு?

ஆனால் அதே 1882-இல் அவர் அரசாங்கக் கல்விக் குழுவின் முன் நின்று, நம் பெண்களுக்கு ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று சாட்சி சொன்னார். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889-இல் மும்பையில் விதவைகளுக்காக சாரதா சதன் என்னும் இல்லத்தைத் திறந்தார். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குச் சென்று, ஆதரவற்ற சிறுமிகளையும் இளம் விதவைகளையும் அழைத்து வந்தார். பஞ்சத்தில் எல்லாரையும் இழந்தவர், பஞ்சத்தில் தவித்தவர்களுக்குத் தாயானார். 1905-இல் அந்தப் பிள்ளைகள் நடுவே ஆவியானவருடைய எழுப்புதல் இறங்கியது. அசூசாத் தெரு எழுப்புதலுக்கு ஒரு வருடம் முந்தியது அது. 1922-இல் மரிக்கும்வரை அவர் உழைத்தார். அடுத்த முறை அந்த நிலையத்தைக் கடக்கையில் ஒரு நிமிடம் ஸ்தோத்திரம் செலுத்துங்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, ஒரு தாளை எடுத்து இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கத்தில் உங்களுக்குச் செய்யப்பட்டதை எழுதுங்கள். மறுபக்கத்தில், அதன்பின் நீங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுதுங்கள். முதல் பக்கத்தை நியாயாதிபதியாகிய கர்த்தரிடத்தில் ஒப்புவியுங்கள். இரண்டாம் பக்கத்தை அறிக்கையிட்டு, ஒன்றைத் தெரிந்துகொண்டு இந்த வாரமே தொடங்குங்கள்.

இரண்டாவது, எல்லாவற்றிற்கும் சாபமும் செய்வினையும் காரணம் என்று சொல்லுவதை விடுங்கள். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்பதே கலாத்தியர் 3-ஆம் அதிகாரத்தின் நற்செய்தி. சம்பளத்தை மீறிச் செலவு செய்து, கடன் வந்ததும் பிசாசைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

மூன்றாவது, மன்னியுங்கள். மன்னிப்பதென்றால் ஏமாற்றியவரிடம் மறுபடியும் பணத்தைக் கொடுப்பதல்ல. அவர் பெயரை உங்கள் வாழ்க்கையின் காரணப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகும்.

நான்காவது, இருக்கிற இடத்தில் வேரூன்றுங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தில் (29-ஆம் அதிகாரம்), வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடவும் கர்த்தர் கட்டளையிட்டார். பல வருடங்களாக இந்நகரில் வாழ்ந்தும் இதன் மொழியைக் கற்காமல், "நம்மை மதிப்பதில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாமா?

ஐந்தாவது, பிள்ளைகளுக்கு முன்பாக நாவைக் காத்துக்கொள்ளுங்கள். பிதாக்கள் தின்ற புளிப்பான திராட்சக்காய்களால் தங்கள் பற்கள் கூசிப்போயின என்று இஸ்ரவேலர் சொல்லி வந்த பழமொழியை, எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் நிறுத்திப்போட்டார். உங்கள் வீட்டிலும் அது நின்றுபோகட்டும்.

அந்தச் சகோதரரின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நிலம் திரும்பி வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. மகனை உட்காரவைத்து, "உன் மேல் தப்பு இருக்கிறது, அதைவிட அதிகமாக என் மேல் இருக்கிறது" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதன்பின் தினமும் இரவில் அவன் படிக்கும் வரைக்கும் அவரும் விழித்து, பக்கத்திலேயே வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். மறுதேர்வில் அவன் தேறினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவர் எழுந்தபோது, பழைய கதைதான் வரும் என்று சபையார் எதிர்பார்த்தார்கள். அவர் மகனைக் குறித்து இரண்டு வாக்கியம் சொல்லி, ஸ்தோத்திரம் என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பெயர் அதில் வரவில்லை.

பிரியமானவர்களே, சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா என்று ஆண்டவர் இன்று உங்களையும் கேட்கிறார். பிறருடைய பெயர் ஒன்றையும் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்லுங்கள். எழுந்து நடக்கக் கர்த்தர் தாமே உங்களுக்குப் பெலன் தருவாராக. ஆமென்.