சியேனா நகரத்து விடுதி

ஓவியம் பயிலும் மாணவர் தம் வண்ணப் பெட்டியைத் திறந்து பார்த்தால், செம்மை கலந்த பழுப்பு நிறம் ஒன்று அதில் இருக்கக் காண்பர். 'பர்ன்ட் சியேனா' என்று அதற்குப் பெயர். சுட்ட சியேனா என்பது அதன் பொருள். இரும்பும் மாங்கனீசும் கலந்த ஒருவகை மண், இயற்கையில் மஞ்சள் படிந்த பழுப்பாக இருப்பது, தீயில் வாட்டியதும் செம்பழுப்பாக மாறிவிடுகிறது. அம்மண்ணுக்குப் பெயர் தந்த ஊர், இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் தொஸ்கானா மாநிலத்தில் உள்ள சியேனா நகரம். பள்ளிப் பருவத்தில் மலைக்கும் மரத்துக்கும் நான் தீட்டிய நிறம் ஒரு நகரத்தின் பெயர் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. பின்னாளில் அந்நகரில் மூன்று இரவுகள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் தங்கியது பெரிய ஹோட்டல் அன்று. ஒன்பது அறைகளே கொண்ட ஒரு பழைய வீடு. அந்த வீடு எனக்குக் கற்பித்த பாடத்தை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிளாரன்ஸ் நகரிலிருந்து பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் சியேனாவை அடையலாம். ஆனால், விடுதியின் வாயில் வரை வண்டி செல்லாது. பழைய நகரத்தின் நடுப்பகுதிக்குள் மோட்டார் வண்டிகள் நுழைவதை 1960களின் இடையிலேயே தடுத்துவிட்டார்கள். இவ்வாறு செய்ய முற்பட்ட ஐரோப்பிய நகரங்களுள் சியேனா முன்வரிசையில் நின்றது. எனவே, கையில் பெட்டியுடன் மேட்டுத் தெருவில் நடந்தேன். மூன்று குன்றுகளின் முதுகில் அமைந்த நகரம் அது; சமதளமான தெருவைக் காண்பது அரிது. இருபுறமும் செங்கல் வீடுகள் நான்கு, ஐந்து மாடிகளாக உயர்ந்து நிற்க, வானம் ஒரு நாடாவைப் போல மேலே தெரிந்தது.

விடுதியை நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. கனத்த இரும்புச் சாவி ஒன்றை என் கையில் கொடுத்து, "அறை நான்காம் மாடியில், ஐயா" என்றார். மின்தூக்கி இல்லை. குறுகிய கற்படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன், எழுபத்திரண்டு இருந்தன. மூச்சு வாங்க நின்று அறையைப் பார்த்தபோது, என் மனத்தில் நன்றியுணர்ச்சி எழவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சன்னல் சிறியது. தரையில் பாவியிருந்த சுட்ட மண் ஓடுகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. கூரையில் கருத்துப்போன மர உத்தரங்கள். 'இதற்காகவா இவ்வளவு பணம் கொடுத்தோம்!' என்று எண்ணினேன்.

மறுநாட் காலையில், "அம்மா, இந்தச் சன்னலையாவது சற்றுப் பெரிதாக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு அந்த உரிமை இல்லை. பழமை வாய்ந்த கட்டடமாகையால், வெளிச்சுவரில் எதை மாற்றுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். முதலில் ஊரைப் பார்த்து வாருங்கள், பிறகு சன்னலைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

அவ்வாறே ஊரைப் பார்க்கப் புறப்பட்டேன். முதலில் சென்றது பேராலயத்துக்கு எதிரே நிற்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்னும் நெடிய கட்டடத்துக்கு. ஹோட்டல், ஹாஸ்பிடல் என்னும் இரண்டு சொற்களும் ஒரே லத்தீன் மூலத்திலிருந்து பிறந்தவை என்பதை மாணவர் சிலர் அறிந்திருக்கக் கூடும். விருந்தினரை ஏற்கும் இடம் என்பதே அம்மூலச் சொல்லின் கருத்து. அதற்கு விளக்கம் வேண்டுவோர் இக்கட்டடத்தைக் காண வேண்டும். வடக்கு ஐரோப்பாவிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகரின் பெருவழி சியேனாவின் ஊடே சென்றது. ரோமாபுரிக்குச் சென்று 990ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குத் திரும்பிய காண்டர்பரிப் பேராயர் சிகெரிக் என்பவர், தாம் வழியில் தங்கிய ஊர்களின் பட்டியலில் சியேனாவையும் குறித்திருக்கிறார். இவ்வாறு வந்த வழிப்போக்கருக்குப் படுக்கையும் உணவும் தருவதற்காகவே சாந்தா மரியா நிலையம் வளர்ந்தது. களைத்து வருபவன் நோயுற்றால் மருந்து வேண்டும். அவன் இறந்தால் அவனுடைய குழந்தைக்குப் புகலிடம் வேண்டும். இப்படியாகச் சத்திரமே மருத்துவமனையாகவும், அநாதை இல்லமாகவும் விரிந்தது. 1440களில் தொமேனிகோ தி பார்த்தொலோ முதலிய ஓவியர்கள் அங்குள்ள பெருங்கூடத்தின் சுவர்களில் இந்த அறப்பணிகளையே வரைந்திருக்கிறார்கள். காயமுற்றவனுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள்; ஏழைகளுக்கு ரொட்டி வழங்குகிறார்கள்; அநாதைப் பெண்ணுக்கு மணம் செய்து வைக்கிறார்கள். அக்கூடத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் நோயாளிகளின் கட்டில்கள் கிடந்தன. இப்போது அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இவ்வளவு மக்கள் வந்து தங்கிய ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சியேனாவில் ஆறு இல்லை. குன்றின் உச்சியில் கிணறு தோண்டினாலும் போதிய நீர் கிடைப்பதில்லை. ஆகவே அந்நகரத்தார் பூமிக்கடியில் ஓர் ஆற்றை உண்டாக்கினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. மணற்பாறையைக் குடைந்து, ஓர் ஆள் நடக்கத்தக்க சுரங்கங்களை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்தார்கள். 'பொத்தீனி' என்பது அவற்றின் பெயர். பாறையில் ஊறிக் கசியும் நீர், சுரங்கத் தரையில் வெட்டிய சிறு வாய்க்காலில் சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத சரிவில் நகரத்து ஊற்றுகளுக்கு ஓடி வரும். 1340களில் நகரத்தின் நடுச்சதுக்கத்துக்கே நீர் வந்து சேர்ந்தது. அங்கு அமைத்த ஊற்றுக்கு 'மகிழ்ச்சி ஊற்று' என்று பெயரிட்டார்கள். பெரிய ஊற்றுகளில் தொட்டிகளை வரிசையாகக் கட்டினார்கள். முதல் தொட்டி மக்கள் குடிப்பதற்கு. அதில் நிரம்பி வழிவது கால்நடைகளுக்கு. அதிலும் எஞ்சுவது துணி துவைப்பதற்கு. ஒரே நீர் மூன்று முறை பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சியேனா இந்தச் சுரங்க நீரையே நம்பி வாழ்ந்தது.

நடுச்சதுக்கம் என்றேனே, அதன் பெயர் காம்போ. சிப்பியைப் போல விரிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும் செங்கல் தளம் அது. வெண்கற்களாலான கோடுகள் அதனை ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை சியேனாவை ஆண்டது 'ஒன்பதின்மர்' என்னும் குழு. அதன் நினைவாகவே ஒன்பது பகுதிகள். வணிகக் குடும்பத்தினரான அவர்கள் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மாறி மாறிப் பதவி வகித்தார்கள். அவர்கள் காலத்தில், 1297ஆம் ஆண்டில், ஒரு சட்டம் பிறந்தது. சதுக்கத்தை நோக்கி யார் வீடு கட்டினாலும் சன்னல்களைச் சிறு தூண்களுடன் ஒரே வகையாக அமைக்க வேண்டும். வெளியே துருத்தும் முகப்புகள் கூடா என்பது அச்சட்டம். 'என் வீடு, என் விருப்பம்' என்று ஒருவன் சொல்ல முடியாது. சன்னலுக்காக விடுதியில் நான் வாதாடியது நினைவுக்கு வந்தது. என் வழக்கில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்புக் கூறிவிட்டார்களே என்று எண்ணி நகைத்தேன்.

அச்சதுக்கத்தின் அடிவிளிம்பில் நிற்பது நகர மாளிகை. அதன் அறை ஒன்றில் அம்புரோஜோ லொரென்ஸெத்தி என்னும் ஓவியர் 1338, 1339ஆம் ஆண்டுகளில் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. நல்லாட்சி, கொடுங்கோன்மை ஆகிய இரண்டின் விளைவுகளையும் அவை காட்டுகின்றன. கோயிலுக்காக அன்றி, ஒன்பதின்மர் கூடி ஆலோசிக்கும் அறைக்காகவே எழுதப்பட்டவை அவை. ஆட்சியாளர் தலைநிமிர்ந்தால் தம் கடமையைக் காண வேண்டும் என்பது நோக்கம். நல்லாட்சி நடக்கும் நகரத்தில் என்ன இருக்கிறது? செருப்புக் கடை இருக்கிறது. மாணவருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் இருக்கிறார். தெருவில் நடனம் நடக்கிறது. உச்சியில், சாரத்தின் மேல் நின்று கொத்தர்கள் சுவர் எழுப்புகிறார்கள். அக்கொத்தர்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனெனில், அடுத்து நான் கண்ட காட்சி அவர்களுடைய கதையின் முடிவாக இருந்தது.

1339ஆம் ஆண்டில் சியேனா மக்கள் ஒரு பேரவா கொண்டார்கள். இருக்கும் பேராலயத்தை ஒரு குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு, அதைவிடப் பெரியதொரு புதிய ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தது. நகரத்தாரில் பாதிக்கு மேற்பட்டோர் சில மாதங்களில் மாண்டார்கள் என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். தம் ஐந்து குழந்தைகளையும் தம் கையாலேயே புதைத்ததாக அஞ்ஞோலோ தி தூரா என்பவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஓவியர் லொரென்ஸெத்தியும் அந்நோய்க்கே இரையாகியிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. பணமும் ஆளும் அற்றுப்போய், எழுந்த சுவர்களிலும் குறை காணப்படவே, வேலை கைவிடப்பட்டது. கூரையே காணாத அந்தப் பெருஞ்சுவர் இன்றும் வானத்தை ஏந்தி நிற்கிறது. பிறகு 1555இல், நீண்ட முற்றுகைக்குப்பின் பட்டினியால் நகரம் பணிந்தது. இரண்டாண்டுகளில் பிளாரன்ஸின் கோமான் கையில் சிக்கியது. அதன்பின் பழையதை இடித்துப் புதியதைப் பெருக்கும் செல்வம் அந்நகருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் மூதாட்டியிடம், "உங்கள் நகரம் அழியாமல் இருப்பதற்கு உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நோயும் தோல்வியும் வறுமையுமே இதனைக் காப்பாற்றியிருக்கின்றன" என்று சற்றுப் பெருமிதத்துடன் சொன்னேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. என்னை வாயிற்படிக்கு அழைத்துச் சென்று, தெருமுனைச் சுவரில் பதித்திருந்த சிறு பீங்கான் சின்னத்தைக் காட்டினார். சியேனா பதினேழு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றின் எல்லைகளை 1729ஆம் ஆண்டு ஆணை ஒன்று வரையறுத்தது. ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கொடி, தனிக் கோயில், தனி ஊற்று உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 2ஆம் நாளும் ஆகஸ்ட் 16ஆம் நாளும் காம்போ சதுக்கத்தைச் சுற்றி நடக்கும் 'பாலியோ' என்னும் குதிரைப் பந்தயத்தில் முறைவைத்துப் பத்துப் பேட்டைகள் போட்டியிடுகின்றன. பேட்டையில் பிறந்த குழந்தைகளுக்கு அப்பேட்டையின் ஊற்று நீரைத் தெளித்து, அவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொள்ளும் சடங்கும் உண்டு.

"வறுமை சுவரை இடிக்காமல் விட்டது, அவ்வளவுதான். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றியவர்கள் இங்குக் குடியிருந்தவர்கள். நான் சிறுமியாக இருந்தபோது இந்த ஒரு வீட்டில் ஐந்து குடும்பங்கள் வாழ்ந்தன. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மதிலுக்கு வெளியே புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். உங்களைப் போலப் படியேற அஞ்சித்தான் போனார்கள். தனி ஒருத்தியாக இவ்வீட்டைக் காக்க என்னால் இயலாது; அதனால் விடுதியாக்கினேன். விருந்தினர் தரும் பணத்தில்தான் சென்ற ஆண்டு உத்தரம் மாற்றினோம். ஆனால், அடுத்த வீடும் விடுதி, எதிர்வீடும் விடுதி. சென்ற ஆண்டு ஊற்றடியில் நீர் தெளிக்க இந்தத் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட இல்லை" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. நான் வந்து தங்குவதால் அவ்வீட்டின் கூரை நிற்கிறது. என்னைப் போன்றோர் மட்டுமே வந்து தங்கினால் அத்தெருவில் ஊரார் இரார். இரண்டும் உண்மை. அன்றிரவு சன்னற் கதவைத் திறந்து வைத்தேன். காம்போவின் உயர்ந்த கோபுரம் விளக்கொளியில் தெரிந்தது. அதற்கு இப்பால், எதிர்வரிசை வீடுகளின் சன்னல்களை எண்ணினேன். பதினான்கில் மூன்றில்தான் வெளிச்சம் இருந்தது. அம்மூன்றுள் ஒன்றில் யாரோ பாத்திரம் துலக்கும் ஓசை கேட்டது. அவ்வோசை எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாணவ நண்பர்களே! பழைய நகரம் ஒன்றைக் காணச் செல்லும்போது, அதனைக் கட்டிய மன்னர் யார், கோபுரத்தின் உயரம் எவ்வளவு என்று கேட்பது இயல்பு. அவற்றோடு மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். இவ்வூருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தனிமனிதன் விருப்பத்துக்கு இவ்வூர் எங்கே எல்லை கட்டியது? இன்று இங்கே வாழ்பவர் யார்? முதல் இரண்டுக்கும் விடை வரலாற்று நூல்களில் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை காண, அந்தி நேரத்தில் விளக்கெரியும் சன்னல்களைத்தான் எண்ண வேண்டும்.

புறப்படும் நாளன்று எழுபத்திரண்டு படிகளையும் இறங்கி வந்து சாவியைக் கொடுத்தேன். "சன்னலைப் பற்றிப் பேசுவோம் என்றேனே?" என்று மூதாட்டி நினைவூட்டினார். "அது இருக்கும் அளவிலேயே இருக்கட்டும், அம்மா" என்று சொல்லி விடைபெற்றேன்.