வெறுங்கால் ஓட்டம்: ட்ரையத்லான் வீரருக்கு எவ்வளவு போதும்?

மூச்சு தயார், பாதம் தயாரில்லை

வெறுங்காலோடு ஓடுவது நல்லதா கெட்டதா என்ற விவாதம் பெரும்பாலும் ஓட்டத்தை மட்டுமே செய்பவர்களை மனத்தில் வைத்து நடக்கிறது. ட்ரையத்லான் பயிற்சி எடுப்பவரின் உடல்நிலை வேறு. ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என மூன்றும் இடைவெளியின்றி வருகின்றன. இதற்குத் தயாராகும் ஒருவரின் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு தண்ணீரிலும் சைக்கிளிலும் கழிகிறது. இதயமும் நுரையீரலும் அதில் நன்றாக வலுப்பெறுகின்றன. ஆனால் அந்த மணிநேரங்களில் பாதம் உடலின் எடையைத் தாங்குவதே இல்லை. சைக்கிள் ஷூவின் அடிப்பாகமோ வளையாதது. அதற்குள் பாதத்தின் சிறு தசைகளுக்குப் பெரிதாக வேலை இல்லை. ஆக, பத்து கிலோமீட்டர் ஓடுவதற்கான மூச்சு அவரிடம் இருக்கும். அத்தனை தூரம் மண்ணை மோதித் தாங்கும் எலும்பு இருக்காது. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய திசுவைக் கரைத்து, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. புதிய சுமையைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் அது முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கலாம். முழுதாகப் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கினால் ஓட்டக்காரர் தானாக நின்றுவிடுவார். ட்ரையத்லான் வீரருக்கு அந்த எச்சரிக்கை மிகத் தாமதமாகவே வருகிறது. அதனால் வெறுங்கால் ஓட்டத்தை ஓட்டத் தூரத்தின் ஒரு பகுதியாக எண்ணாமல், பாதத்துக்கான வலுப்பயிற்சியாக மட்டுமே அவர் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

ஆய்வுகள் காட்டுவது

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இந்த ஆர்வத்துக்குப் பெரிய உந்துதல். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், ஷூ அணிந்து குதிகாலில் இறங்குபவர்களுக்கு ஏற்படும் திடீர் மோதல் அவர்களுக்குக் குறைவு என்று அது காட்டியது. காயம் குறையும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அந்த முடிவை வாசகர்களும் வியாபாரிகளும்தான் சேர்த்துக்கொண்டார்கள். வெறுங்காலர்கள் எல்லோரும் முன்பாதத்தில் இறங்குவதும் இல்லை. வடகென்யாவில் காலணி இல்லாமலே வளர்ந்த டாசனாச் மக்களை 2013-இல் ஆராய்ந்தபோது, தங்களுக்கு இயல்பான வேகத்தில் ஓடியவர்களில் பத்துக்கு ஏழு பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள்.

முன்பாதத்தில் இறங்கினால் சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குக் குறையும் பாரம் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும், விரல்களுக்குப் பின்னாலுள்ள நீண்ட பாத எலும்புகளுக்கும் போகிறது. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் சிலர் பத்து வாரங்களில் வெறுங்கால் போன்ற மெல்லிய ஷூவுக்கு மாறினார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அந்த 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் உள்ளே வீக்கம் கூடியிருந்தது. இது எலும்பு விரிசலுக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். இவர்கள் ஏற்கெனவே ஓடிப் பழகிய கால்களுக்குச் சொந்தக்காரர்கள் என்பதை நீச்சல்குளத்திலிருந்து வருபவர் கவனிக்க வேண்டும். சுமார் 200 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், வெறுங்காலர்களுக்கு மொத்தக் காயங்கள் குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் ஓடிய தூரமும் குறைவு. தூரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டபோது இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஷூ காப்பாற்றும் என்ற நம்பிக்கையையும், ஷூதான் கெடுக்கிறது என்ற நம்பிக்கையையும் இந்த முடிவு ஒருசேர அசைக்கிறது.

"நம் முன்னோர் செருப்பா போட்டார்கள்?"

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மனிதப் பாதம் ஷூவுக்காக உருவானதல்ல. ஆனால் குழந்தைப் பருவம் முதல் மண்ணில் நடந்து உரமேறிய பாதமும், எல்.கே.ஜி.யிலிருந்து ஷூவுக்குள் இருந்து முப்பத்தைந்து வயதில் திடீரென வெளியே வரும் பாதமும் ஒன்றல்ல. முன்னோரின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், அவர்களுடைய பாதத்தை ஒரே மாதத்தில் பெற முடியாது. அபேபே பிகிலாவையும் சான்று காட்டுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மராத்தானை அவர் வெறுங்காலோடு வென்றது உண்மை. 1964 டோக்கியோவில் அவர் ஷூ அணிந்து மூன்று நிமிடத்துக்கும் மேல் வேகமாக ஓடி மீண்டும் வென்றதும் உண்மைதான்.

ஓடும் முறை சீராகுமே என்பது இன்னும் வலுவான வாதம். வெறுங்காலோடு ஓடுபவர் அடிகளைச் சிறிதாக்கி, விரைந்து வைக்கிறார். அந்தப் பலனை ஷூவோடும் பெறலாம்: நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலின் பாரம் குறைகிறது. போட்டியிலும் ஓட்டப் பகுதியைக் காலணியோடுதான் ஓட வேண்டும் என்பது விதி. ஆகவே போட்டிக்கான முறையை ஷூவில் பழகுவதே பொருத்தம். தண்ணீரிலிருந்து சைக்கிள் நிற்கும் இடம்வரை வெறுங்காலோடு ஓடும் அந்தச் சிறு தூரத்துக்கு மட்டும் உள்ளங்கால் பழகியிருக்க வேண்டும்.

எவ்வளவு, எப்போது

முதல் சில வாரங்களுக்கு ஓட்டமே வேண்டாம். வீட்டில் வெறுங்காலோடு நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, விரல்களை மடக்காமல் பாதவளைவை மட்டும் மேலே இழுப்பது ஆகியவை போதும். பாதத் தசைகளை வலுவாக்குவதில் இத்தகைய பயிற்சிகளுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பிறகு வாரம் இருமுறை, லேசான ஓட்டத்தின் முடிவில், கண்ணாடித்துண்டு இல்லாத சமமான புல்தரையில் ஐந்து நிமிடம் ஓடலாம். வலி இல்லையென்றால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி, பதினைந்து நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடும் பயிற்சியில் இதைச் சேர்க்கவே கூடாது. களைத்த கெண்டைக்கால் தசை தன் பங்கைச் செய்யாதபோது எலும்புதான் வாங்கிக்கொள்கிறது. கடற்கரையின் தளர்ந்த மணல் மென்மையாகத் தோன்றினாலும் குதிகால் தசைநாணை அதிகம் இழுக்கும். வெயிலேறிய தார்ச்சாலை தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

யார் தவிர்க்க வேண்டும்

சர்க்கரை நோயால் பாதத்தில் மரத்த உணர்வு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண் முற்றிவிடும். கடும் பயிற்சியால் மாதவிடாய் நின்றுபோன பெண்களும், போதிய உணவின்றி எடையைக் குறைத்துக்கொண்டே பயிற்சி செய்பவர்களும் எலும்பு விரிசலுக்கு அதிகம் ஆளாகிறார்கள். அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்து அதைச் சரிசெய்ய வேண்டும். மற்றவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட காலத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கெண்டைக்காலில் பரவலான தசைவலி ஓரிரு நாளில் போய்விடும். பாதத்தின் மேற்புறத்தில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருந்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். முதல் வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது வழக்கம் என்பதால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நீச்சலைத் தொடரலாம். சைக்கிளை வலி இல்லாத அளவுக்கு ஓட்டலாம்.