எத்தனை குத்து?

“போதும் சிஸ்டர், இன்னொரு தடவை குத்தாதீங்க...” குழந்தைகள் வார்டில் அன்றாடம் கேட்கும் குரல் இது. அம்மா மடியில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. உடம்பில் நீர் வற்றினால், நாம் ‘நரம்பு’ என்று சொல்லும் ரத்தக்குழாயும் ஒடுங்கிவிடும். கொழுகொழு புறங்கையில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனியால் தடவித்தான் பிடிக்க வேண்டும்.

நர்ஸ் கையில் இருப்பது மஞ்சள் கேனுலா: ஊசி மேல் மாட்டிய மெல்லிய குழாய்; ஊசியை உருவிவிட்டால் குழாய் மட்டும் நரம்பில் தங்கும். வார்டு பேச்சில் ‘வென்ஃப்ளான்’; பிராண்டின் பெயர் பொருளுக்கே ஒட்டிக்கொண்டது. இதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 22 நீலம், 24 மஞ்சள், 26 ஊதா. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இதே நிறங்கள்தான். மஞ்சளின் தடிமன் வெறும் 0.7 மி.மீ.

நிறம் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. டெஃப்லான் குழாய் விறைப்பானது. குழந்தை கையை மடக்கினால் மடிந்து அடைத்துக்கொள்ளும். பாலியூரித்தேன் குழாய் உடம்புச் சூட்டில் இளகும், உறுத்தல் குறைவு. மெல்லிய ஊசியில் ரத்தம் பின்பக்கம் வந்து சேரச் சற்று நேரமாகும். அதற்குள் ஊசியை இன்னும் தள்ளினால் நரம்பின் மறுபக்கம் துளைத்துவிடும். ஊசியின் பக்கவாட்டில் சிறு துளை உள்ள வகைகளில் ரத்தம் உடனே தெரியும். பெரியவர்களுக்கான, மேலே மருந்து செலுத்தும் மூடி வைத்த வகை, பச்சிளங்குழந்தையின் கையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளையும் கேனுலா போன்ற பொருட்களையும் மொத்தமாக வாங்குகிறது. மொத்தக் கொள்முதலில் விலை இறங்கும். ஆனால், எங்கு மொத்தமாக வாங்கினாலும் ஒரு தேர்வு பிசகினால் அத்தனை வார்டுகளும் அதைச் சுமக்கும். பாதி விலைக்குக் கிடைக்கும் கேனுலா, மூன்று குத்துக்கு மூன்று பாக்கெட் கேட்டால் மலிவு எங்கே?

நல்ல கேனுலாவும் பழகாத கையில் வீண். பயிற்சிக்கு வைக்கும் பொம்மைக் கை அழாது, உதறாது. எனவே குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடிப்பதும், பால் குடிக்க வைத்தபடியே ஊசி போடுவதும் பாடத்தில் சேர வேண்டும். விரல் சூப்பும் கையைத் தவிர்க்க வேண்டும். ரத்தம் தெரிந்ததும் ஊசியைத் தாழ்த்தி, ஒரு மயிரிழை முன்னேற்றி, பிறகு குழாயை மட்டும் தள்ள வேண்டும். உருவிய ஊசியைத் திரும்ப நுழைத்தால் குழாய் அறுந்து, துண்டு ரத்தத்தோடு போய்விடும் ஆபத்து உண்டு. இரண்டு குத்துக்கு மேல் சரிவராவிட்டால் அடுத்தவரை அழைப்பது தோல்வியல்ல, முறையே அதுதான்.

குழாய் நரம்பில் ஏறியதோடு வேலை முடியாது. கைக்குழந்தைக்கு ‘வலிக்குது’ என்று சொல்லத் தெரியாது. பிளாஸ்திரியால் மூடி மறைக்காமல் உள்ளே தெரியும் ஒட்டுப்படலம் போட்டு, மணிக்கொரு தரம் தொட்டு, இரு கைகளையும் ஒப்பிட்டால்தான் வீக்கம் பிடிபடும்.

கொள்முதல் கோப்பில் விலைக்குக் கட்டம் இருக்கிறது. தர எண்ணுக்கும் இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் இரவுப் பணி நர்ஸ்களிடம் கொடுத்துப் பார்க்கட்டும். பிறகு, அவர்கள் கையாலேயே நிரப்ப இன்னொரு கட்டம் போடட்டும்: எத்தனை குத்து?