சுடருக்கு நெய்த பட்டு

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் அடிக்கடி காணும் காட்சி இது. பாயில் உட்கார்ந்து முப்பது, நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொன்னவர்கள், கடைசியில் மனசுக்குப் பிடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். என் அத்தை ஒருமுறை இதைச் செய்யவில்லை. கடை விளக்கு வெளிச்சத்திலேயே ஓர் அரக்குப் பட்டை எடுத்து வந்துவிட்டார். வீட்டில் பிரித்தால் கடையில் பார்த்த நிறம் இல்லை. சேலையை மாற்றிவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். சேலை அதேதான், மாறியது விளக்கு.

துணிக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. மேலே விழும் ஒளியில் ஒரு பகுதியைச் சாயம் விழுங்குகிறது, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மீதிதான் கண்ணுக்கு நிறம். விழும் ஒளியிலேயே சிவப்பு குறைந்திருந்தால் அரக்கு எதைத்தான் திருப்பி அனுப்பும்? மங்கிப் பழுப்படிக்கும். அத்தை வீட்டில் அன்று நடந்தது அவ்வளவுதான்.

இது புரிந்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. மின்சாரம் வருவதற்கு முன் இந்த ஊரில் பட்டை எந்த ஒளியில் பார்த்தார்கள்? பகலில் வெயில் இருந்தது, சரி. ஆனால் சுவாமிக்குச் சாத்திய பட்டைக் கருவறைக்குள் எண்ணெய்ச் சுடரில்தான் பார்த்தார்கள். விடியற்கால முகூர்த்தத்தில் மணப்பெண் உடுத்திய கூறைப்பட்டையும் அப்படியே. காஞ்சிப் பட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் தறியைப் பற்றிப் பேசுகிறார்கள், சரிகையைப் பற்றிப் பேசுகிறார்கள். விளக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பாதி அழகு அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

சுடரைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். பஞ்சுத் திரியின் இழைகளுக்கு இடையே மயிரிழை போன்ற வழிகள் இருக்கின்றன. அவற்றின் வழியே எண்ணெய் தானாக மேலேறுகிறது. இதை நுண்புழை ஏற்றம் என்கிறோம். மேலே வந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான். எண்ணெய் ஊறியிருக்கும் வரை திரி கருகாமல் நிற்பதும் இதனால்தான். விளக்கெண்ணெய் கெட்டியானது, மெதுவாக ஏறும். அதனால் நின்று எரியும். சுடரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் முழுதாக எரியாத கரித்துகள்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்கள் இரும்புக் கம்பி பழுப்பது போலப் பழுத்து ஒளி வீசுகின்றன. அந்த ஒளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின். நடுப்பகல் வெயிலுக்கு 5,500 கெல்வின். சிவப்பும் மஞ்சளும் அள்ளிக் கொட்டும், நீலம் கிள்ளித் தெளித்தது போலத்தான் இருக்கும். ஆனாலும் நடுவில் எந்த நிறமும் விட்டுப்போகாத ஒளி அது.

இப்போது சரிகையைப் பாருங்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய மெல்லிய வெள்ளித் தகடு. அதன் மேல் தங்க முலாம். எடையில் தங்கம் ஒரு சதவீதம்கூட வராது. அந்தச் சன்னமான பூச்சுதான் வேலை செய்கிறது. தங்கம் நீலத்தைப் பெருமளவு விழுங்கிவிடும். மஞ்சளையும் சிவப்பையும் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பி அனுப்பும். எண்ணெய்ச் சுடரில் இருப்பதே மஞ்சளும் சிவப்பும். சரிகைக்கு வீணாகும் ஒளி அதில் மிகக் குறைவு. சுடர் எதை வைத்திருக்கிறதோ அதையே தங்கம் கேட்கிறது. பாடகி எம்.எஸ். பெயரால் வழங்கும் நீலச் சேலையைச் சுடரருகே பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடல் இருண்டு கறுப்புக்கு அருகே போய்விடும், கரைச் சரிகை மட்டும் இருட்டில் மிதப்பது போல நிற்கும்.

பட்டு இழையும் சும்மா இருப்பதில்லை. அதன் குறுக்குவெட்டு உருண்டு திரண்டதில்லை. மூலை மழுங்கிய முக்கோணம். முகம் முகமாக ஒளியைத் திருப்பும். ஊடையும் பாவும் வேறு வேறு நிறமாக இருந்தால் கோணம் மாற மாற நிறமும் மாறும். மயில்கழுத்து நிறம் பிறப்பது இப்படித்தான்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் 24 படி ஏறி மூலவர் முன் நின்றவர்கள் சுடரும் பட்டும் சேரும் இந்த விளையாட்டை அனுபவித்திருப்பார்கள், பெயர் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கலாம். வெயிலில் இருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். கோபுரம், மண்டபம், உள்மண்டபம் என்று வெளிச்சம் படிப்படியாகக் குறையக் குறைய, நடந்து வருவதற்குள் கண் பாதி பழகிவிடுகிறது. அப்போது அர்ச்சகர் தீபத்தைச் சுழற்றுகிறார். ஒளியின் இடம் மாறுவதால் சரிகையில் மின்னும் புள்ளி ஓடுகிறது. தோளில் மின்னியது மார்பில் மின்னுகிறது, பாதத்தில் மின்னி மறைகிறது. அசையாத திருமேனி அசைவது போல ஒரு கணம் தோன்றும். அசையாத விளக்கை எத்தனை பெரிதாகப் போட்டாலும் இது கிடைக்காது. தீபாராதனையைக் கண்டுபிடித்தவர்கள் ஒளியைக் கையாளத் தெரிந்த பெரிய கலைஞர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளக்குக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. தூப்புலில் இருக்கும் பெருமாளுக்குப் பெயரே விளக்கொளிப் பெருமாள். வேதாந்த தேசிகர் 1268-இல் பிறந்த இடமும் அந்தத் தூப்புல்தான். அதற்கும் முன்னால், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் யவனர் செய்த அன்ன விளக்கு ஒன்று உவமையாக வருகிறது. கடல் கடந்து வந்த விளக்கில் அன்னம். இன்று கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்க்கும் குத்துவிளக்கின் உச்சியிலும் அன்னம். காஞ்சிச் சேலைக் கரையிலும் அன்னப்பட்சி. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளக்கை ஏற்றி அருகில் சேலையை விரித்தால் இரண்டு அன்னங்களும் ஒரே பொன்னிறத்தில் எதிரெதிரே நிற்கும்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்றது. மண் அச்சில் பித்தளையை வார்த்து, கடைசல் பிடித்து, அடி, தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாகச் செய்து மரை திருகிச் சேர்ப்பார்கள். பித்தளை பிடிவாதமான உலோகம். செம்பு 1,085 டிகிரியில்தான் உருகும்; துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையின் சூட்டைப் பதமறிந்து பிடிக்காவிட்டால் துத்தநாகம் புகையாகப் போய்விடும். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு பளபளப்பதற்கும் காரணம் உண்டு: புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. துலங்கிய தட்டு, தன் சுடரைத் தானே இரட்டிப்பாக்கிக் காட்டும்.

வடிவத்துக்குள் அறிவியலை ஒளித்து வைத்த விளக்கு என்றால் நான் தூண்டாமணி விளக்கைத்தான் சொல்வேன். சங்கிலியில் தொங்கும் விளக்கு. தட்டுக்கு மேலே மூடிய எண்ணெய்க் கலம், அடியில் சிறு துளை. தட்டில் எண்ணெய் துளையை மூடி நிற்கும் வரை கலத்துக்குள் காற்று போகாது, எண்ணெயும் இறங்காது. எரிந்து மட்டம் குறைந்து துளை திறந்ததும் ஒரு காற்றுக் குமிழ் உள்ளே ஏறும். அதற்கு ஈடாகக் கொஞ்சம் எண்ணெய் இறங்கித் துளையை மீண்டும் மூடும். காற்றழுத்தமே காவலாள்.

அணையா விளக்குக்கு வேறொரு ஏற்பாடும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடுகளோ, தஞ்சைப் பெரிய கோயிலில் போல 96 ஆடுகளோ கொடுத்திருப்பார்கள். காஞ்சிக் கோயில் கல்வெட்டுகளிலும் விளக்குக் கொடைகள் நிறைய. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகள் வந்து மந்தை குறையாது என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். பிற்கால அளவுப்படி உழக்கு என்பது சுமார் மூன்றில் ஒரு லிட்டர். ஒரு நாள் முழுக்க அது எரிந்தால் வெளிவருவது ஏறத்தாழ 130 வாட். அதில் கண்ணுக்குத் தெரியும் ஒளி நூறில் ஒரு பங்குகூட இல்லை, மீதி அத்தனையும் சூடு.

கணக்குப் பார்த்தால் எல்.இ.டி. பல நூறு மடங்கு சிக்கனம். நீல எல்.இ.டி. கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது நியாயமே. ஓவியம் இருக்கும் சுவர்களுக்கு எண்ணெய்ப் புகை பகை, அங்கெல்லாம் எல்.இ.டி.யே நல்லது. ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு, நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நீலம் துருத்திக்கொண்டு நிற்கும், ஆழ்ந்த சிவப்பு மெலிந்திருக்கும். ஒரு கோயிலில் கருவறை வாசலைச் சுற்றி அப்படி ஓர் எல்.இ.டி. விளக்குப் பட்டையை ஒட்டியிருந்தார்கள். குங்குமம் மங்கிப்போய், சரிகை தகரம் போலத் தெரிந்தது. நெசவாளி நாட்கணக்கில் உழைத்ததை ஒரு சுவிட்ச் அழித்துவிட்டது என்று எனக்கு வயிறு எரிந்தது.

தீர்வு ஒன்றும் பெரிய செலவில்லை. கோயில் நிர்வாகிகளும் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் விளக்கு வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் படிக்க வேண்டும். பட்டும் பித்தளையும் இருக்கும் இடத்துக்கு 2,200 முதல் 2,700 கெல்வின் போதும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கட்டும்.

அடுத்த முறை காஞ்சியிலிருந்து சேலை எடுத்து வந்தால், பொழுது சாய்ந்ததும் குத்துவிளக்கை ஏற்றுங்கள். வீட்டிலுள்ள மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, இரண்டடி தள்ளி முந்தானையைப் பிரித்துப் பாருங்கள்.