புரோகிராமிங் கற்க முதலில் தேவை பேப்பரும் பேனாவும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புரோகிராமிங் கற்க ஆசை. சி படிக்கலாமா, ஜாவா படிக்கலாமா, பைதான் படிக்கலாமா?" எந்த மொழி என்பதைப் பிறகு முடிவு செய்து கொள்ளலாம். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து எழுதும் பழக்கம்தான் முதலில் வேண்டும். கட்டணம் செலுத்தி வகுப்பில் சேரும் முன், இதனை வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம்.

ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று கண்டறியும் புரோகிராம் எழுத வேண்டும் என வைத்துக் கொள்வோம். "4ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு" என்று உடனே சொல்வீர்கள். 2024ஐயும் 2023ஐயும் கொடுத்தால் சரியான விடை கிடைக்கும். ஆனால் 1900ஐக் கொடுத்துப் பாருங்கள். 4ஆல் வகுபடும், எனினும் அது லீப் ஆண்டு அல்ல.

ஓர் ஆண்டின் நீளம் ஏறத்தாழ 365.2422 நாட்கள். 4 ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூட்டினால் கணக்கு சற்றே அதிகமாகிவிடும். எனவே 100ஆல் வகுபடும் ஆண்டுகளை நீக்கி, அவற்றில் 400ஆல் வகுபடுபவற்றை மட்டும் காலண்டரில் மீண்டும் சேர்த்துக் கொண்டனர். இனி படிகளை எழுதுவோம்.

1. ஆண்டு 400ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? ஆம் எனில் லீப் ஆண்டு, நிறுத்தவும்.
2. 100ஆல் வகுபடுகிறதா? ஆம் எனில் லீப் ஆண்டு அல்ல, நிறுத்தவும்.
3. 4ஆல் வகுபடுகிறதா? ஆம் எனில் லீப் ஆண்டு, நிறுத்தவும்.
4. மற்றவை லீப் ஆண்டு அல்ல.

வரிசையும் முக்கியம். மூன்றாம் படியை முதலில் வைத்தால் 1900 அங்கேயே லீப் ஆண்டாகிவிடும். 1900, 2000, 2023, 2024 ஆகிய நான்கையும் கொடுத்து, ஒவ்வொரு படியாகப் பேனாவால் டிக் செய்து கொண்டே வாருங்கள். இதற்கு டிரை ரன் என்று பெயர்.

இவ்வளவு கவனம் தேவையா? உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால், ஒரு செல்லில் 60 என டைப் செய்து, அதனைத் தேதியாக பார்மட் செய்திடுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே இல்லை! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய புரோகிராம் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக் கொண்டது. அதன் பைல்களில் உள்ள தேதிகள் மாறிவிடக் கூடாது என்பதற்காக எக்ஸெல்லும் அதையே பின்பற்றியது. அந்தப் பிழை இன்றும் தொடர்கிறது.

மைக்ரோசாப்டின் சூன் மியூசிக் பிளேயரில் 30 ஜிபி மாடல்கள் 2008 டிசம்பர் 31 அன்று செயலற்று நின்றன. லீப் ஆண்டில் நாள் எண் 366ஐத் தாண்டினால் 366ஐக் கழிக்கும்படி அதில் எழுதப்பட்டிருந்தது. எண் சரியாக 366 ஆக இருந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அன்று 2008ன் 366ஆவது நாள். பிளேயர் அதே படியையே திரும்பத் திரும்பச் சுற்றிக் கொண்டிருந்தது. மறுநாள் தேதி மாறிய பிறகே அவற்றை மீண்டும் இயக்க முடிந்தது.

படிகளை எழுதி முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மிகச் சிறிய மதிப்பு வந்தால்? மிகப் பெரியது வந்தால்? எல்லைக்கோட்டின் மீதே வந்து நின்றால்? இவற்றுக்கு உங்கள் பேப்பரில் பதில் இருந்தால், எந்த மொழியிலும் அதனை எழுதிவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் பைதானில் தொடங்குவது எளிது.

உங்களுக்கு ஒரு பயிற்சி: பிறந்த தேதியைக் கொடுத்தால் இன்றைய வயதைச் சொல்லும் படிகளை எழுதுங்கள். இந்த ஆண்டு பிறந்த நாள் இன்னும் வராதவர், இன்றே பிறந்த நாள் கொண்டாடுபவர், பிப்ரவரி 29 அன்று பிறந்தவர் ஆகிய மூவருக்கும் சரியான விடை வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.