பேங்க் பெயரில் இ-மெயில் வருதா? அவசரப்பட்டு கிளிக் பண்ணாதீங்க!

திருச்சி:

"உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் முடக்கப்படும். உடனே விவரங்களை சரிபார்க்கவும்." பேங்க் லோகோவோடு இப்படி ஒரு இ-மெயில் வந்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். அந்த பயம்தான் மோசடி கும்பலுக்கு முதலீடு.

மகன் சிங்கப்பூரில், மகள் துபாயில் என்று இருக்கும் வீடுகள் திருச்சி, ஸ்ரீரங்கத்தில் ஏராளம். இவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு.

அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்கு தூத்துக்குடி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில் பேங்க் அனுப்பியது போலவே அவருக்கு ஒரு இ-மெயில் வந்தது. அனுப்பியவர் முகவரியும் அசல் மாதிரியே இருந்தது. நம்பி பாஸ்வேர்டை கொடுத்தார். ரூ.6.46 லட்சம் அபேஸ்! பணம் போனது மும்பையில் இருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு.

"பாஸ்வேர்டை கொடுத்தது நீங்கதானே" என்றது வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்ப சட்டப்படி வழக்கு போட்டார். வங்கியின் பாதுகாப்பிலும் குறை இருக்கிறது என்று சொல்லி, ரூ.12.85 லட்சம் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் தமிழக தகவல் தொழில்நுட்பத்துறை செயலாளர் உத்தரவிட்டார். இதற்கே இரண்டரை வருஷம் அலைச்சல்.

ஆக, அனுப்பியவர் முகவரியை மட்டும் பார்த்து நம்பக்கூடாது. அதை போலியாக போட முடியும். மெயில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் நம்பரை எந்த பேங்கும் கேட்காது. கேட்டால் அது டுபாக்கூர்தான்.

லிங்க் இருந்தால் அதன் முகவரி எப்படி முடிகிறது என்பதே முக்கியம். கவரில் ஸ்ரீரங்கம் என்று எழுதிவிட்டு, பின்கோடு 620006-க்கு பதில் வேறு ஊருக்கு போட்டால் தபால் எங்கே போகும்? அதே கதைதான். முன்னால் பேங்க் பெயர் இருக்கும், முடிவில் வேறு ஏதோ இருக்கும். 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தங்கள் இணையதள முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிவது போல மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. சந்தேகம் வந்தால் லிங்கை விட்டுவிட்டு, பாஸ்புக்கோடு நேரா கிளைக்கு போய் கேட்பதே நல்லது.

தெரியாமல் கொடுத்துவிட்டால்? வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உடனே பேங்குக்கு சொல்லி கணக்கை பிளாக் பண்ணுங்கள். 1930-க்கு போன் போடுங்கள். வாடிக்கையாளர் கவனக்குறைவால் போன பணம், புகார் செய்யும் வரை அவர் தலையில். புகாருக்கு பிறகு போனால் பேங்க் பொறுப்பு. 2017-ல் ரிசர்வ் வங்கி சொன்ன கணக்கு இது. அந்த மெயிலை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். போலீசுக்கு அதுதான் ஆதாரம்.