சந்துக்குள் முதலில் வருகிறவர்கள்

2021 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும். மும்பையில் செம்பூர் வாஷி நாக்காவை ஒட்டிய மாகுல் பாரத் நகரில், குன்றுச் சரிவில் நின்ற சுற்றுச்சுவர் கொட்டும் மழையில் வீடுகளின் மேல் சாய்ந்தது. 19 பேர் இறந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சேரும் முன்பே அக்கம்பக்கத்தார் இருட்டில் வெறுங்கையால் செங்கல்லையும் தகரத்தையும் அள்ளிப் போட்டுத் தேடத் தொடங்கிவிட்டார்கள். படை வந்த பிறகும் வேலை பெரும்பாலும் கையால்தான் நடந்தது. பெரிய இயந்திரம் நுழைய அந்தச் சந்தில் இடமில்லை.

மும்பையின் பேரிடர்களை அடுக்கிப் பார்த்தால் இது திரும்பத் திரும்ப வருகிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. அவருக்குக் கயிறு கட்டத் தெரியுமா, மயங்கிக் கிடப்பவரை எப்படித் தூக்க வேண்டும் என்று தெரியுமா, எந்த வீட்டில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியுமா? உயிர் பிழைப்பது பல நேரம் இதைப் பொறுத்தே அமைகிறது.

இந்த நகரம் இதைப் பெரிய அளவில் கற்றுக்கொண்டது 2005 ஜூலை 26 அன்று. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் தெற்கே கொலாபாவில் சுமார் 73 மில்லிமீட்டர்தான். நகரின் தென்முனையில் இருந்தவர்களுக்கு வடக்கே என்ன நடக்கிறது என்று புரியவே மாலையாகிவிட்டது. அப்போது மும்பையில் டாப்ளர் ரேடார் இல்லை. மழை கொட்டிய அதே நேரத்தில் கடலில் ஓதமும் ஏறியது. விஹார், பவாய் ஏரிகளின் வழிநீரைச் சுமந்து சுமார் 18 கிலோமீட்டர் ஓடிவரும் மித்தி ஆறு, மாஹிம் கழிமுகத்தில் கடலுக்குள் போக முடியாமல் குர்லாவிலும் காலினாவிலும் தாராவி ஓரத்திலும் ஊருக்குள் திரும்பியது. ரயில் நின்றது, போன் செத்தது, கார் கண்ணாடியை இறக்க முடியாமல் உள்ளேயே மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. தீயணைப்பு வண்டியும் அதே தண்ணீரில்தான் நின்றது. அன்று இரவு முன்பின் தெரியாதவர்களைக் கயிறு பிடித்து இழுத்து, மாடியில் ஏற்றி, சாயாவும் வடாபாவும் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் சாலையோரக் குடியிருப்புவாசிகள்.

அதன்பின் மாநகராட்சி நிறையச் செய்தது. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தலைமையகத்தில் இரவு பகலாக இயங்கும் கட்டுப்பாட்டு அறை, 1916 என்ற உதவி எண், வார்டு வார்டாக மழைமானிகள், கடலோரத்தில் ராட்சத பம்பிங் நிலையங்கள், 2020 முதல் வெள்ள முன்னெச்சரிக்கை ஏற்பாடு. மழைக்காலம் தொடங்கும் முன், நான்கரை மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களின் பட்டியலும் வெளியாகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ‘ரெட் அலர்ட்’ என்ற செய்தி கட்டுப்பாட்டு அறையிலிருந்து தாராவியின் மூன்றடிச் சந்தில் தகரத்துக்குக் கீழே படுத்திருக்கும் நோயாளியிடம் போய்ச் சேர வேண்டுமே. கடைசி நூறு மீட்டருக்கு ரேடார் கிடையாது, ஆள்தான் வேண்டும்.

அந்த ஆளை உருவாக்கத்தான் ‘ஆப்த மித்ரா’ திட்டம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் இதை முன்னோட்டமாக 30 மாவட்டங்களில் தொடங்கியது, மாவட்டத்துக்கு 200 பேர். பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று இலக்கு பெரிதானது. பன்னிரண்டு நாள் பயிற்சி, அடையாள அட்டை, காப்பீடு, ஒரு பை நிறைய உபகரணம். மும்பையில் மாநகராட்சிக்குப் பரேலில் சொந்தமாகப் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் இருப்பதால் வகுப்புகளுக்கு இடம் தேட வேண்டியதில்லை. தன்னார்வலர்களைத் திரட்டும் பழக்கமும் இந்த ஊருக்குப் புதிதல்ல. நாட்டின் முதல் ஊர்க்காவல் படை எழுந்ததே 1946 டிசம்பரில் பம்பாயில்தான்.

பையில் உயிர்காப்பு உடுப்பு, ஹெல்மெட், கையுறை, முழங்கால் வரை ஏறும் பூட்ஸ், டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கும். பயிற்சியின் சாரம் மட்டும் பைக்கு வெளியே இருக்கிறது. பை கையில் இல்லாதபோது என்ன செய்வது என்பதைத்தான் இத்தகைய வகுப்புகளில் அதிகம் பழக்குகிறார்கள். இரண்டு மூங்கில், இரண்டு சட்டை: சட்டைகளைப் பொத்தான் போட்டபடி உள்வெளியாகத் திருப்பி, கைகளுக்குள் மூங்கிலைச் செருகினால் ஸ்ட்ரெச்சர். மூடி இறுக்கிய காலி இருபது லிட்டர் கேன் ஒன்றை மார்போடு கட்டிக்கொண்டால் வளர்ந்த ஆள் மிதக்கலாம். வீட்டில் காலி பிஸ்லேரி பாட்டில்கள் கிடந்தால் அவற்றை வேட்டியிலோ துப்பட்டாவிலோ முடிந்து இடுப்பைச் சுற்றிக் கட்டலாம். முழுகுகிறவரை நோக்கி நீந்திப் போவது கடைசி வழி. முதலில் கழியை நீட்டு, எட்டாவிட்டால் கயிறு வீசு, அதுவும் முடியாவிட்டால்தான் இறங்கு. பதற்றத்தில் கட்டிப் பிடிப்பவர் காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து இழுத்துக்கொள்வார். இளைஞர்களுக்கு மனதில் ஏறக் கஷ்டமான பாடம் இதுதான். வீரம் காட்டத்தான் பலர் வருகிறார்கள், முதல் நாளே அதைக் கழற்றி வைக்கச் சொன்னால் முகம் சுருங்காதா?

தாராவிக்கு என்று தனிக் கணக்கு இருக்கிறது. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பில் பல லட்சம் பேர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், குஜராத்திக் குயவர்கள், உத்தரப் பிரதேசத் தையல்காரர்கள். மழைக்கு முன் கூரை மேல் நீலத் தார்ப்பாய் விரிப்பதும், காற்றில் பறக்காதிருக்கச் செங்கல்லும் பழைய டயரும் வைப்பதும் இங்கே வழக்கம். சாதாரண மழைக்கு அது போதும். 2021 மே 17 அன்று டௌதே புயல் கரையைத் தொடாமல் மும்பைக்கு அப்பால் கடலில் போனபோதே கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. அந்த வேகத்தில் கூரைச் செங்கல் எறிகல்லாகிவிடும். கல்லை இறக்கிவிட்டு, தகரத்தைக் கம்பியால் சட்டத்தோடு முறுக்கிக் கட்டுவதுதான் பாதுகாப்பு. ஒரு வீட்டில் கட்டி அடுத்த வீட்டில் விட்டால் பயனில்லை, பறக்கும் தகரத்துக்கு அண்டை வீடு எது என்று தெரியாது. அதனால் இது தனி ஆள் வேலையாக இல்லாமல் சந்து முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டியதாகிறது.

அடுத்தது மின்சாரம். பல சந்துகளில் மீட்டர் பெட்டிகள் வாசல் உயரத்திலேயே வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் அந்தப் பெட்டியைத் தொடும் முன் மெயினை அணைக்க வேண்டும். சந்துக்கு ஒருவராவது எந்தப் பெட்டி எந்த வரிசைக்கு என்று தெரிந்து வைத்திருந்தால்தான் அது நடக்கும். பிறகு மேன்ஹோல். தண்ணீர் வடியட்டும் என்று மூடியைத் திறந்துவிடுவது மும்பையில் பழைய பழக்கம். 2017 ஆகஸ்ட் 29 மாலை, புகழ்பெற்ற குடல்நோய் மருத்துவர் தீபக் அமராபுர்கர் காரை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது பிரபாதேவி பகுதியில் அப்படித் திறந்து கிடந்த குழிக்குள் போனார். உடல் இரண்டு நாள் கழித்து வர்லியில் கிடைத்தது. மூடியைத் திறக்காதே, திறந்திருந்தால் பக்கத்தில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டி ஓர் ஆளை நிறுத்து. தன்னார்வலர் செய்யக்கூடிய மிக எளிய வேலை இது, மிகவும் சலிப்பான வேலையும்கூட.

யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு இதையெல்லாம்விட முக்கியம். நடக்க முடியாத முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, இன்சுலின் போட்டுக்கொள்பவர், பகலில் பிள்ளைகளைத் தனியே விட்டு வேலைக்குப் போகும் தாய் என்று வீடு வாரியாக எழுதி வைக்க வேண்டும். இந்த வேலையில் மும்பைத் தமிழருக்கு ஒரு முன்னோடி உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பை வந்த ஜோக்கின் அற்புதம், வாழ்ந்துவந்த ஜனதா காலனி 1976-இல் நெருக்கடி நிலையின்போது காலி செய்யப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்குத் தள்ளப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர். தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ளாத குடிசைவாசிகளை வேறு யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று அவர் பிடிவாதமாக நம்பினார். அவர் தலைமையிலான தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பினரும் கதவுக்குக் கதவு எண் போட்டுப் பதிவு செய்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் போனது. 2000-இல் மகசேசே விருது பெற்ற அவர் 2018-இல் மறைந்தார். வீட்டுரிமைக்காக எழுந்த அந்தக் கணக்கெடுப்புதான் வெள்ள இரவுக்கும் வேண்டியது.

வீடு வீடாக அறிந்திருப்பதன் பயனை 2020-இல் தாராவி வேறு வடிவில் நிரூபித்தது. ஏப்ரல் 1 அன்று முதல் கொரோனா நோயாளி இங்கே கண்டறியப்பட்டபோது ஊரே எரியப் போகிறது என்றார்கள். உள்ளூர்த் தனியார் மருத்துவர்களும் தன்னார்வலர்களும் மாநகராட்சி ஊழியர்களோடு வீடு வீடாக ஏறினார்கள். ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத் தலைவரே பாராட்டினார். கதவைத் தட்டினால் திறக்கும் அளவுக்குத் தெரிந்த முகம் என்பது எந்த நெருக்கடிக்கும் பொதுவான சொத்து.

உலகில் இதற்குப் பெரிய சான்று வங்கதேசம். 1970 நவம்பர் புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்த பிறகு, செஞ்சிலுவையோடு சேர்ந்து அரசு கட்டியெழுப்பிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 76,000 பேர் அளவுக்குத் தன்னார்வலர்கள். பாதிப் பேர் பெண்கள். அபாயம் ஏற ஏறக் கம்பத்தில் கொடியின் எண்ணிக்கை கூடும், கையில் மெகாபோனோடு ஆள் தெருவில் நடப்பார். பயிற்சி இல்லாத அன்பு என்ன விலை கேட்கும் என்பதற்கு மெக்சிகோ நகரம் இருக்கிறது. 1985 நிலநடுக்கத்தில் பொதுமக்கள் 800 பேருக்கு மேல் மீட்டார்கள், மீட்கப் போனவர்களில் நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். அக்கம்பக்கத்தாருக்கு முறையாகப் பயிற்சி தரும் யோசனை அதற்குப் பிறகே லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறையில் உருவெடுத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாராட்டெல்லாம் அரசுக்கு வசதியான சாக்காகிவிடும். வாஷி நாக்காவில் சுவர் விழாதிருந்தால் மீட்பே தேவைப்பட்டிருக்காது. 1985 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கி 1993-இல் கைக்கு வந்த வடிகால் சீரமைப்புத் திட்டம், 2005-இல் வெள்ளம் வந்தபோதும் முடிந்திருக்கவில்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான், செம்பூர்ப் பகுதிகளின் தண்ணீரை இறைக்க வேண்டிய மாகுல் பம்பிங் நிலையம் நிலச் சிக்கலில் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. 2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழையில் செம்பூர் மைசூர் காலனி அருகே மோனோரயில் அந்தரத்தில் நின்றபோது, 582 பயணிகளை ஏணி வைத்து இறக்கியது தீயணைப்புப் படை. அங்கே எந்தத் தன்னார்வலராலும் எதுவும் செய்திருக்க முடியாது. கயிறும் விசிலும் செய்கிற வேலை வேறு, கான்கிரீட் செய்கிற வேலை வேறு.

திட்டத்துக்குள்ளேயும் ஓட்டைகள் உண்டு. பன்னிரண்டு நாள் பயிற்சி என்றால் தினக்கூலிக்குப் பன்னிரண்டு நாள் சம்பளம் போச்சு. பயிற்சி முடிந்த பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை இல்லையென்றால் முடிச்சுப் போடக் கை மறந்துவிடும். தாராவி மறுகட்டுமானம் நடந்து குடும்பங்கள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போனால், யார் யாரைத் தெரியும் என்ற கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

வயது வரம்பும் அப்படித்தான். ஆப்த மித்ராவில் சேர 18 முதல் 40 வயது, ஏழாம் வகுப்புத் தேர்ச்சி என்பது பொதுவான தகுதி. கழுத்தளவு தண்ணீரில் இறங்க அந்த வயது சரிதான். ஆனால் எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த மாடிப்படி இற்றுப் போயிருக்கிறது, எந்தக் கிழவர் வீட்டை விட்டு வர அடம்பிடிப்பார், யார் கூப்பிட்டால் வருவார் என்பதையெல்லாம் தலைக்குள் வைத்திருப்பவர்கள் குழாயடியில் ஐம்பது அறுபது வயதில் குடத்தோடு நிற்கும் பெண்கள். அடையாள அட்டையும் ஹெல்மெட்டும் அவர்களுக்கு வேண்டாம். ஒத்திகை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வாங்கினால் போதும்.